என் மகளின் திரையில் என் நோய்

கடையின் உயரமான ஸ்டூலிலிருந்து இறங்கி, மேல் அடுக்கில் இருந்த பிரைமர் டப்பாவை எடுக்கப் போனபோதுதான் அது தெரிந்தது. மாதவிலக்கு முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தும் ஈரம். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் ரத்தம், தண்ணீர் கலந்த மாதிரி. நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் முன்பின்னாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, காத்திருந்தவருக்கு டப்பாவைக் கொடுத்து பில் போட்டேன்.

கோவிலம்பாக்கத்தில் எங்களுக்குப் பெயின்ட், ஹார்டுவேர் கடை இருக்கிறது. என் கணவர் பார்த்திபன் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா வரைக்கும் விவசாயம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்கு நாங்கள் பெயின்ட் விற்கிறோம். கணக்கும் கல்லாவும் என் பொறுப்பு. ஒரே மகள் இலக்கியா, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்ற பெயரைச் சமீபத்தில், ஒரு மருத்துவரின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் கையில் போனோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகவும்.

ரத்தம் நின்று மறுபடி வந்தது. கணவரோடு சேர்ந்திருந்த பிறகும் பட்டது. அதை அவரிடமே சொல்லக் கூச்சமாக இருந்தது. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் கூச்சம். இடுப்புக்குக் கீழே ஒரு கனம், மாலையானால் முதுகு வலி. நின்று வேலை செய்வதால் என்று நினைத்தேன். ஒருநாள் வெள்ளைப்படுதலில் கெட்ட வாடை வந்ததும்தான் மேடவாக்கத்தில் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்குக்குப் போனேன்.

அவர் நிறையப் பேசினார், சோதிக்கும் வரை. சோதிக்க ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. கர்ப்பப்பையின் வாயிலிருந்து ஒரு சிறு பிரஷ்ஷால் செல்களை எடுத்தார். எச்.பி.வி. பரிசோதனை (இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் வைரஸ் உடலில் இருக்கிறதா என்று பார்ப்பது) ஒன்றும் செய்யச் சொன்னார். பிறகு பயாப்ஸி (சதையில் ஒரு துணுக்கை எடுத்து ஆராய்வது). முடிவு வந்த அன்று என் கணவரையும் கூப்பிடச் சொன்னபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அங்கிருந்து எங்களை ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்துக்கொண்டவர் கதிர்வீச்சு மருத்துவர் மெஹருன்னிசா. எல்லாரும் மெஹர் மேடம் என்பார்கள். ஸ்கேன்களைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் ஒரு கர்ப்பப்பையை வரைந்து காட்டினார்.

"இது வாய்ப்பகுதி. கட்டி இங்க ஆரம்பிச்சு பக்கத்துல இருக்கிற திசுவுக்குக் கொஞ்சம் போயிருக்கு. அதனால ஆபரேஷன் பண்றதைவிட கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை கீமோவும்தான் சரியா இருக்கும். குணப்படுத்தணும்ங்கிற நோக்கத்தோடதான் பண்றோம். அதை மனசுல வெச்சுக்கோங்க."

என் கணவர் ரிப்போர்ட்டில் ஒரு வரியில் விரல் வைத்துக் கேட்டார். "இந்த பி-பதினாறு பாசிட்டிவ்ன்னு போட்டுக்கீதே, இது இன்னா டாக்டர்? இது வேற நோயா?"

"வேற நோய் இல்ல சார். அது ஒரு மார்க்கர்" என்றார் அவர். மார்க்கர் (நோயை அடையாளம் காட்டும் பொருள்) என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். வைரஸ் புகுந்து குழப்பிய செல்களில் அந்தப் புரதம் அதிகமாகச் சேரும், சாயம் போட்டுப் பார்த்தால் தெரியும் என்று விளக்கினார். இது வைரஸால் வந்த புற்றுநோய் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

"வைரஸ் எப்படி வருது?" என்று கேட்டார் இவர்.

"தாம்பத்திய உறவு மூலமா. ஆனா ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இந்த வைரஸ் ரொம்ப சாதாரணம். நிறைய பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குப் போகாம வருஷக்கணக்கா சத்தமில்லாம தங்கிடும். யார்கிட்டேர்ந்து, எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த விசாரணைய வீட்டுல நடத்தாதீங்க. அதுல யாரும் ஜெயிக்க மாட்டீங்க."

திரும்பி வரும்போது பல்லாவரம் மேம்பாலத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலே இவர் சொன்னார்.

"தனம், நான் அந்த மாதிரி எங்கயும்..."

"நான் கேக்கலையே."

"நீ கேக்கல. எனக்குத்தான் சொல்லணும்னு கீது."

அவர் முதுகில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. அவருடைய அக்காதான் ஒருமுறை கேட்டார், "இதெல்லாம் எப்படிம்மா வருது? நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்று. "கிருமியால வருது அண்ணி" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை.

இலக்கியாவிடம், மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலையே சொன்னோம். சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குணமாயிடும்ல?"

"ஆயிடும்னுதான் டாக்டர் சொல்றாங்க."

"ம்" என்றாள். போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் போன பிறகு வெகுநேரம் அந்தச் சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிர்வீச்சு தொடங்கும் முன் ஸ்கேன் எடுத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் அடிவயிற்றிலும் மை வைத்துப் புள்ளிகள் குத்தினார்கள். ஒவ்வொரு நாளும் கதிர் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக. சிகிச்சைக்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பினால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து தப்பிக்கும். எனவே அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெண்களும் கையில் தண்ணீர் பாட்டிலோடு, முகத்தில் ஒரே மாதிரி அவஸ்தையோடு இருப்போம். கதிர் படும்போது ஒன்றும் தெரியாது. இயந்திரம் சுற்றிவரும் சத்தம் மட்டும். நாங்கள் பயந்தது அதற்கல்ல, அதற்குள் அடக்க முடியாமல் போய்விடுமோ என்பதற்கு.

அங்கேதான் கன்னியம்மா அக்கா பழக்கமானார். கடலோரக் குப்பத்திலிருந்து வருபவர், மேடவாக்கம் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்பவர். அவருக்கும் இதே நோய்.

"இன்னாம்மா, ரொம்பிச்சா?" என்று என் பாட்டிலைப் பார்த்துக் கேட்பார். "எனுக்கு கழுத்து வரிக்கும் கீது. இந்த மிஷினு ஆளு இன்னும் கூப்டாம இன்னா பண்ணிகினு கீறாரு?" தாழ்வாரமே சிரிக்கும். சிரித்தால் ஆபத்து என்பதால் பாதியில் அடக்கிக்கொள்வோம்.

வாரம் ஒருமுறை கீமோ. மருந்தோடு நிறையத் திரவமும் ஏற்றுவார்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்ற. அந்த நாளில் இலக்கியா கல்லூரிக்குப் போகாமல் என்னோடு வருவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டி, கட்டைவிரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருப்பாள். வாந்தி வரும்போது கிண்ணத்தைச் சரியாக நீட்டுவாள். வாய் துடைத்துவிடுவாள். பிறகு மறுபடி போன். நான் தூங்கி விழித்தாலும் அந்தக் கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது, குளியலறைக்குப் போகும்போது, படி இறங்கும்போது. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கல்லூரியிலிருந்து வருகைப்பதிவு குறைவதாகச் செய்தி வந்தது. ஒருநாள் இவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்கு இன்னா நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? எப்பப் பாரு ரீல்ஸு, ரீல்ஸு. இதுல இன்னாதான் கீது அப்படி?"

போனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அவளுக்காகப் பேசத் தோன்றவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. கதிர் குடலில் படுவதால் இது வரும் என்று சொல்லியிருந்தார்கள். சொல்வது வேறு, நாளெல்லாம் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பது வேறு. மோர் சாதம் கூட உள்ளே நிற்கவில்லை. அடிவயிற்றுத் தோல் கறுத்துப்போயிற்று. கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. ஒரு மதியம் படுத்திருந்தபோது இலக்கியா வந்து தரையில், கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ம்மா, நிறுத்திடலாம்மா."

"எதை?"

"இந்த ரேடியேஷன. வேணாம்மா. இது உன்ன சாகடிச்சிடும். நோய் இல்லம்மா சாகடிக்கிறது, இதுதான். எல்லாரும் சொல்றாங்க. பாதில விட்டவங்கதான் பொழச்சிருக்காங்க."

"யாருடி எல்லாரும்?"

போனைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். பாட்டோ, ஆட்டமோ, சிரிப்போ இருக்கும் என்று நினைத்த திரையில், மொட்டைத் தலையோடு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கட்டைவிரலால் தள்ளினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், எந்த மருத்துவரும் இதைச் சொல்ல மாட்டார் என்று ஆரம்பித்து ஏதோ இலைச் சாற்றைக் காட்டினார். தள்ளினேன். ஒரு மகள், அம்மாவின் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கடைசியில் மாலை போட்ட படம். தள்ளினேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஐந்து அறிகுறிகள். தள்ளினேன். இன்னொரு மகள். இன்னொரு மாலை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் என் நோய். எங்கள் வீட்டுச் சோபாவில், சாப்பாட்டு மேசையில், என் கீமோ கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

"எப்பலேர்ந்து கண்ணு?"

"நீ சொன்ன அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு தேடிப் பாத்தேன். பொழப்பாங்களான்னு. அப்புறம் அதுவா வந்துகிட்டே இருக்கும்மா. அடுத்ததுல நல்லதா ஏதாவது சொல்வாங்கன்னு பாப்பேன். சொல்ல மாட்டாங்க. நிறுத்தணும்னு நினைப்பேன், முடியலம்மா. போன வெச்சுட்டா நீ அந்த நேரத்துல செத்துப் போயிடுவியோன்னு பயமா இருக்கு."

அவள் தலையை என் வயிற்றில் வைக்க வந்து, தோல் வலிக்கும் என்று நினைவு வந்து, கையில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் பயந்துபோயிருக்கும் வீட்டில் அவள் மட்டும் அக்கறையில்லாமல் இருக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

அறிவோடு யோசித்திருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் உடம்பு ஓய்ந்திருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல் எனக்கு இனித்தது: நிறுத்திடலாம். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. உடம்பு சரியில்லை, கொஞ்சம் தேறட்டும் என்று இவரிடம் சொன்னேன். படுத்துக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் கன்னியம்மா அக்கா போன் செய்தார்.

"இன்னாம்மே, எங்க காணோம்? பாட்ல தூக்கிகினு தனியா குந்திகினு கீறேன்."

"முடியலக்கா. விட்டுடலாமான்னு இருக்கு."

அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எனுக்கு மட்டும் முடியுதா? போற வழில எறங்கி எறங்கி ஏறிகினு வரேன். ஒண்ணு சொல்றேன் கேளு. விடறதுன்னா அந்த டாக்டரம்மா மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு வுடு. வூட்ல படுத்துகினு வுடாத."

மறுநாள் போனேன். இலக்கியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மெஹர் மேடம் என்னைச் சோதித்து, வயிற்றுப்போக்குக்கு வேறு மருந்து எழுதி, திரவம் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"இடைவெளி விட்டா, அடிபட்ட செல்லெல்லாம் மறுபடி எழுந்துக்கும். இந்தச் சிகிச்சையே அதுங்களுக்கு மூச்சு விட நேரம் குடுக்காம அடிக்கிறதுதான். விட்ட ரெண்டு நாளை சனிக்கிழமைகள்ல ஈடு பண்ணிக்கலாம். முடியலன்னா என்கிட்ட சொல்லுங்க. வயிறு, தூக்கம், வலி எல்லாத்துக்கும் என்கிட்ட ஏதாவது இருக்கும்."

இலக்கியா தலை குனிந்து, "நான்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.

திட்டுவார் என்று இருவரும் எதிர்பார்த்தோம். அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "என்ன பார்த்தீங்கன்னு காட்டுங்களேன்" என்றார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, இருவரும் தலையோடு தலை சேர்த்து அந்தத் திரையைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் எது உண்மை, எது பாதி உண்மை, எது பொய் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இலைச் சாற்றுக்காரரைப் பார்த்ததும், "இந்தக் கோட்டு எங்க தைக்கிறாங்கன்னு கேக்கணும், நல்லா இருக்கு" என்றார். இலக்கியா பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"இதுல ட்ரீட்மென்ட் முடிச்சு, நல்லா ஆகி வீட்டுல இருக்கிறவங்க வீடியோ ஒண்ணு கூட இல்ல, கவனிச்சீங்களா?"

"ஆமா. இல்ல."

"ஏன்னா அவங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு, சமைச்சிக்கிட்டு, புருஷனோட சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அதை யாரும் வீடியோ எடுக்கறதில்ல. எடுத்தாலும் நீங்க நின்னு பாக்க மாட்டீங்க. எதைப் பாத்து நிக்கிறீங்களோ அதையேதான் அது கொண்டுவந்து வைக்கும். அதுக்கு உங்க அம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க."

சிகிச்சை மறுபடி தொடர்ந்தது. ஆனால் ஒரு மருத்துவர் ஒருமுறை அன்பாகப் பேசியதும் என் மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள் என்று எழுதினால் அது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தெரிந்துகொண்டு பார்ப்பது இன்னும் வேதனை என்று என்னிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் அவள் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. குட்டி வீடியோக்களைப் பார்க்கும் பழக்கம் மாணவர்களின் தூக்கத்தையும் மனதையும் என்ன செய்கிறது என்பது அவர்கள் ஆய்வு. வகுப்பில் எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிறதா, பார்க்காதபோது பதற்றமாக இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள். தோழிகள் சிரித்துக்கொண்டே டிக் அடித்துக்கொண்டிருந்தபோது இவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். யாரிடமாவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்ட இடத்தில் ஆமாம் என்று எழுதிவிட்டு வந்தாள். குழுவில் இருந்த உளவியல் ஆலோசகர் ஜெனிஃபர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள்.

"அந்த போன்ல நீ என்ன தேடுறன்னு கேட்டாங்கம்மா. எங்கம்மா பொழைப்பாங்களான்னு தேடுறேன்னேன். அதுக்குப் பதில் அதுல இருக்கான்னாங்க. இல்லன்னேன். வேற யார்கிட்ட இருக்குன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம் டாக்டர்கிட்ட இருக்கு, மீதி யார்கிட்டயும் இல்லன்னேன். அப்படிச் சொன்னதும் எனக்கே அழுகை வந்துடுச்சு. அவங்க தண்ணி குடுத்தாங்க."

ஜெனிஃபர் போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. என்னையும் இவரையும் ஒருமுறை சந்தித்து, அதற்காக அவளைத் திட்டாமலிருக்கச் சொன்னார். பயம் வரும்போது கை போனுக்குப் போகிறது. கைக்கு வேறு போக்கிடம் வேண்டும் என்றார். சந்தேகம் தோன்றினால் தேடாமல், சேர்த்து வைத்து, வாரம் ஒருமுறை மெஹர் மேடத்திடம் கேட்க வேண்டும். தூங்கும்போது போன் சமையலறையில் இருக்கும். அந்த வீடியோக்கள் வந்தால் வேண்டாம் என்று அழுத்திவிட்டுத் தள்ள வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. எளிதாகத் தெரிகிறது. முதல் வாரம் அவள் சமையலறைக்கும் அறைக்குமாக நடந்த நடையைப் பார்த்தால் எளிதில்லை என்று தெரியும். இவர் தன் போனையும் கொண்டுபோய் அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் கீது" என்றார் மறுநாள் காலையில், யாரும் கேட்காமலே.

வெளிக் கதிர்வீச்சு முடிந்ததும் உள் கதிர்வீச்சு (கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே கருவியை வைத்துக் கட்டிக்கு நேராகக் கதிர் கொடுப்பது). மயக்க மருந்து கொடுத்துத்தான் கருவியை வைப்பார்கள். இருந்தாலும் அதற்குப் பிறகு அசையாமல் படுத்திருக்கும் நேரம் கடினம். நான் அறையில் தனியாகக் கிடந்தபோது வெளியே இலக்கியாவால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் மறுபடி அந்த வீடியோக்களையே பார்த்திருக்கிறாள். ஜெனிஃபரிடம் அவளே போய்ச் சொன்னாள். இவ்வளவு பெரிய நாளில் ஒரு தடவைதானே விழுந்தாய், அதுவும் நீயே சொன்னாய் என்றாராம் அவர். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடந்தது என்று இப்போது நினைக்கிறேன். எனக்காவது எத்தனை தடவை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் இன்னொரு மார்க்கரைப் பார்த்தார்கள். எஸ்.சி.சி. ஆன்டிஜென் (இந்த வகைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்). தொடக்கத்தில் எனக்கு அது அதிகமாக இருந்தது. முடித்த பிறகு எடுத்த பரிசோதனையில் இயல்பான அளவுக்கு இறங்கியிருந்தது. இவர் அங்கேயே கைகூப்பிவிட்டார். மெஹர் மேடம் புன்னகைத்தாலும் அவசரப்படவில்லை.

"நல்ல செய்திதான். ஆனா இந்த நம்பரை மட்டும் வெச்சு குதிக்கவும் வேணாம், ஒடிஞ்சு போகவும் வேணாம். நான் கையால சோதிக்கிறது, ஸ்கேன், இது, மூணும் சேந்துதான் பேசும்."

இந்த மார்க்கர்கள் எந்த நோயாளிக்கு நோய் திரும்பும் என்பதை முன்கூட்டிக் காட்டுமா என்று அவர்கள் துறையில் ஓர் ஆய்வு நடக்கிறது. மீதமிருக்கும் ரத்தத்தை அதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். எனக்கு இதில் நேரடி லாபம் எதுவும் இல்லை, மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று தெளிவாகச் சொன்னார். சம்மதித்தேன். வெளியே வந்ததும் இலக்கியா சொன்னாள், "அப்ப நீயும் நானும் ரெண்டு பேருமே ஆராய்ச்சில இருக்கோம்."

சிகிச்சை முடிந்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் விரிவாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். கதிர்வீச்சு சினைப்பைகளை ஓயவைத்துவிடும். எனக்கு மாதவிலக்கு ஒரேயடியாக நின்றது. கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று கழுத்திலிருந்து தீப்பற்றிய மாதிரி சூடு ஏறும். பிறப்புறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு மென்மையான கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தச் சொல்வார்கள். கூச்சப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். பின்னால் மருத்துவர் சோதிப்பதற்கும் அது தேவை. கணவனும் மனைவியுமாக மறுபடி நெருங்க நாளாகும். மேம்பாலத்தில் நாங்கள் பேசாமல் விட்ட மிச்சத்தை அப்போதுதான் பேசினோம். எனக்கு வலிக்குமோ என்று அவருக்குப் பயம். இனிமேல் என்னைப் பிடிக்காதோ என்று எனக்குப் பயம். இரண்டையும் சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதன்பின் என் காலம் மூன்று மாதத் துண்டுகளாக மாறிவிட்டது. பரிசோதனை முடிந்த அன்று மனம் லேசாகும். அடுத்தது நெருங்க நெருங்க இறுகும். அடுத்த பரிசோதனைக்கு அப்பால் வரும் எதையும் நினைக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பேன். அந்தப் பக்கம் இருந்தால் வருகிறேன் என்று சொல்ல மாட்டேன், பார்க்கலாம் என்பேன்.

கன்னியம்மா அக்காவுக்கு ஒரு வருடத்துக்குள் மார்க்கர் ஏறியது. ஸ்கேனில் நுரையீரலில் தெரிந்தது. அவரும் ஒருநாள் கூட விடாமல் முழுச் சிகிச்சையும் எடுத்தவர்தான். ஏன் அவருக்கு, ஏன் எனக்கு இல்லை என்று மெஹர் மேடத்திடம் கேட்டேன். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். அக்கா இப்போது மறுபடி கீமோ எடுக்கிறார். முடிகிற நாட்களில் வியாபாரத்துக்குப் போகிறார். போய்ப் பார்த்தபோது நான் அழ ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? நான் குந்திகினுதான கீறேன். சங்கரா மீனு வந்துக்கீது, எடுத்துகினு போ. கொய்ம்பு வையி" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். குழம்பு வைத்தேன்.

இதற்கிடையில் இலக்கியா மெஹர் மேடத்திடம் கேட்டாள், "எனக்கும் இது வருமா டாக்டர்?" குடும்பத்தில் இருந்தால் வரும் என்று பயப்படத் தேவையில்லை, வைரஸைத் தடுத்தால் பெரும்பாலும் இந்த நோயையே தடுக்கலாம், தடுப்பூசி போட்டுக்கொள், போட்டுக்கொண்டாலும் வயது வரும்போது பரிசோதனையை விடாதே என்றார். அவளுக்கு இருபது வயது. இன்னும் இளவயதிலேயே போட்டிருந்தால் மேல், இப்போதும் தாமதமில்லை என்றார்.

மேடவாக்கத்தில் அதே பெண் மருத்துவரின் கிளினிக்கில் முதல் ஊசி போட்டோம். இலக்கியா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் விரல்களை நசுக்கினாள். செவிலியர் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அடுத்தது இரண்டு மாதத்தில், கடைசி ஊசி ஆறாம் மாதம் என்றார்.

"மீதி ரெண்டுக்கும் நீதாம்மா வரணும்" என்றாள் இலக்கியா. "அப்பா வேணாம். அவரு ஊசியப் பாத்தாலே உக்காந்துடுவாரு."

"வரேன், வரேன்" என்றேன்.

கிளம்பும் முன் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்வந்தேன். எங்கே போனாலும் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன், வெட்கம் போய்விட்டது. முன்பு இந்த உடம்பு தானாக நடக்கும் என்று விட்டிருந்தேன். இப்போது வயதான உறவினரை அழைத்துப் போவது மாதிரி, அதன் தேவைகளைக் கேட்டுக் கேட்டுக் கூட்டிப் போகிறேன்.

வெளியே வெயில். ஆட்டோவில் ஏறியதும் இலக்கியா வலிக்காத தோளை என் மேல் சாய்த்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோதுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. ஆறாம் மாதம் என்பது என் அடுத்த பரிசோதனைக்கும் அந்தப் பக்கம். யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அதைத் திருத்தி, பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பச்சை விழுந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.